மஞ்சள் கொடி இறங்கும் வரை: பாய்மரக் கப்பல் விழாவில் தன்னார்வலராக இருந்த ஏழு வாரங்கள்

சென்ற ஆண்டு பிப்ரவரி இறுதியில் சென்னைத் துறைமுகத்தில் மூன்று பாய்மரக் கப்பல்கள் ஒன்றாக வந்து நின்றன. அவற்றை வரவேற்று நான்கு நாள் விழா நடத்திய ஒரு சிறிய கடல்சார் அருங்காட்சியகத்தில் நான் ஏழு வாரங்கள் தன்னார்வலராகப் பணியாற்றினேன். வடசென்னையின் ஐந்து பள்ளிகளிலிருந்து 412 மாணவர்களை அழைத்துச் சென்று, கப்பலைக் காட்டி, பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது என் பொறுப்பு. அந்த வேலை நிறைவேறியது. எல்லாப் பிள்ளைகளும் கப்பலைப் பார்த்தார்கள். ஆனால் அதற்குள் என் கைப்பணம் 59,690 ரூபாய் போயிற்று, ஒரு நாள் மருத்துவமனையில் கிடந்தேன், ஒரு முற்பகல் முழுவதும் 140 பிள்ளைகளைச் சாலையோரத்தில் வைத்துக்கொண்டு யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் தவித்தேன். இவற்றில் பெரும்பகுதி, முன்பே ஒருவர் பத்து நிமிடம் உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருந்தால் நேர்ந்திருக்காது. எனக்குச் சொல்ல ஆளில்லை. கப்பல் பார்க்கக் குழந்தைகளை அழைத்துச் செல்லப் போகிறவர்களுக்கும், இத்தகைய விழாக்களில் தொண்டு செய்ய முன்வருகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்றே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் ராயபுரத்தில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் தாத்தா தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிச் சென்றவர். அப்பா சென்னைத் துறைமுகத்தில் பளுதூக்கி இயக்கியவர். பாயைத் தாங்கும் குறுக்குமரத்துக்குப் 'பருமல்' என்று பெயர் என்பதும், தோணியின் முன்பகுதியை 'அணியம்' என்பார்கள் என்பதும் நான் புத்தகத்தில் படித்தவையல்ல, திண்ணையில் கேட்டவை. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குத் துறைமுகம் என்றால் நீண்ட மதில் சுவரும், வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளும்தான். அந்தச் சுவருக்கு அப்பால் அவர்கள் போனதில்லை. பாய்மரப் பயிற்சிக் கப்பல் என்பதே இளைஞர்களுக்காக இருப்பது. 1956இல் இங்கிலாந்தின் டார்பேயிலிருந்து லிஸ்பனுக்கு நடந்த முதல் பந்தயத்திலிருந்து வளர்ந்த பாய்மரக் கப்பல் பந்தயங்களில், கப்பலில் செல்வோரில் பாதிப்பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் கடற்படையும் இதே நோக்கத்தோடுதான் 1997இல் தரங்கிணி என்னும், மூன்று பாய்மரங்கள் கொண்ட பயிற்சிக் கப்பலைப் பணியில் சேர்த்தது. கோவாவில் கட்டப்பட்ட அக்கப்பல் 2003–04இல் உலகையே சுற்றி வந்தது. அப்படிப்பட்ட கப்பல்கள் நம் வாசலுக்கே வரும்போது காசிமேட்டுப் பிள்ளைகள் அவற்றைச் செய்தித்தாள் படத்தில் மட்டும் பார்ப்பது நியாயமில்லை என்று எனக்குத் தோன்றியது. அருங்காட்சியகத்துக்கு நானே போய், பள்ளிகளை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். பேருந்து, சிற்றுண்டி, அச்சுச் செலவு எல்லாவற்றையும் முதலில் நான் செய்துவிட வேண்டும், விழா முடிந்ததும் கணக்குப் பார்த்துத் தந்துவிடுவோம் என்று பொறுப்பாளர் சொன்னார். "டீச்சர், நீங்கள் கவலைப்படாதீர்கள், ரசீதை வைத்திருந்தால் போதும்" என்றார். அவர் நல்ல மனிதர், அன்று அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு தொகை வரை, எவ்வகை ரசீது, எத்தனை நாளுக்குள், யார் கையெழுத்திட்டு, நிகழ்ச்சி தள்ளிப்போனால் இரண்டாவது செலவு யாருடையது என்ற ஐந்து கேள்விகளில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. சேவை செய்யப் போகும் இடத்தில் பணத்தைப் பற்றிக் கேட்பது அநாகரிகம் என்ற கூச்சம் எனக்கு இருந்தது. அந்தக் கூச்சத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பேசி முடித்த அன்று இரவே, 'இன்று நாம் பேசியபடி' என்று தொடங்கி நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அதற்கு 'சரி' என்று ஒரு பதிலை வாங்கி வைத்துக்கொண்டாலே போதும். அந்த நாலு வரியை எழுதாததன் விலையைத்தான் பின்னால் கொடுத்தேன்.

முதல் நான்கு வாரங்கள் பள்ளிகளுக்கு அலைவதிலும் பட்டியல் தயாரிப்பதிலும் போயின. துறைமுகத்துக்குள் நுழைவது பொருட்காட்சிக்குப் போவது போன்றதன்று. 2004 ஜூலை முதல் உலகின் பன்னாட்டுத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான பாதுகாப்பு விதிமுறை நடைமுறையில் இருக்கிறது. யார், எப்போது, எதற்காக உள்ளே போகிறார் என்ற பதிவு இல்லாமல் வாயிலைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு மாணவருக்கும் பெயர், வயது, புகைப்படம் ஒட்டிய பள்ளிச் சான்று, ஆசிரியர்களுக்கு அடையாள அட்டை நகல், எந்த நாள், எந்த வாயில், எந்தக் கப்பல் என்ற விவரம் அனைத்தும் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயரும் ஆதாரில் வேறொரு பெயரும் இருந்த 23 பிள்ளைகளின் பெயரைத் திருத்தவே எனக்கு ஆறு நாள் பிடித்தது. இதில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. அனுமதிச் சீட்டில் தேதி இருக்கிறது. அந்தத் தேதி கடந்தால் அது வெறும் காகிதம். ஆகையால் எந்தக் குழுவுக்கும் ஒரே ஒரு நாளுக்கு மட்டும் அனுமதி கேட்காதீர்கள். விழா நடக்கும் எல்லா நாள்களுக்கும் சேர்த்து எல்லாப் பெயர்களுக்கும் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், மாற்று நாள் ஒன்றையாவது விண்ணப்பத்திலேயே குறிப்பிடச் சொல்லுங்கள். எங்கள் விண்ணப்பத்தில் வெள்ளிக்கு 140 பேர், சனிக்கு 136 பேர், ஞாயிறுக்கு 136 பேர் என்று பிரித்து, மாற்று நாள் எதுவுமின்றிக் கொடுத்திருந்தோம்.

மூன்றில் பெரிய கப்பல் வெளிநாட்டிலிருந்து வந்தது, வியாழக்கிழமை மாலை துறையில் அணைய வேண்டியது. அன்று மாலை ஆறு மணிக்கு என்னை அழைத்து இரண்டு செய்திகள் சொன்னார்கள். கப்பல் வெள்ளி காலையில்தான் உள்ளே வரும் என்பது ஒன்று. நுழைவாயிலுக்கு அருகில் ஒதுக்கியிருந்த இடத்தில் சரக்குக் கப்பலின் வேலை முடியவில்லை, அதனால் பாய்மரக் கப்பல்கள் மூன்றையும் உட்புறத்தில் வேறிடத்தில் நிறுத்துகிறார்கள் என்பது மற்றொன்று. காலையில் வந்துவிடுமே, பிள்ளைகள் பத்தரை மணிக்குத்தானே வருகிறார்கள் என்று நினைத்து நான் நிம்மதியாகத் தூங்கினேன். கப்பல் துறைக்கு வருவதும், கப்பலில் ஆள் ஏறுவதும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேருந்துகளும் ராஜாஜி சாலையை அடைந்தன. கப்பல் ஒன்பதரைக்கே உள்ளே வந்துவிட்டது. வாயிலில் இருந்த பாதுகாப்புக் காவலர், உங்கள் சீட்டில் இருக்கும் இடம் வேறு, இப்போது கப்பல் நிற்கும் இடம் வேறு, புதிய இடத்துக்கு நடந்து போனால் ஒன்றரைக் கிலோமீட்டர், பேருந்துக்குத் தனி அனுமதி வேண்டும் என்றார். அவர் சொன்னதில் பிழையே இல்லை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் தொலைபேசியை எடுக்கவில்லை. அவர் வரவேற்பு நிகழ்ச்சியில் இருந்தார். நான் மட்டும் உள்ளே ஓடி, மூச்சு வாங்கத் துறைமேடைக்குப் போனேன். கப்பலின் பாய்மரத்தில் சிறிய மஞ்சள் கொடி ஒன்று பறந்துகொண்டிருந்தது. ஏறுபாலத்தின் அடியில் நின்ற மாலுமியிடம் பிள்ளைகளை எப்போது அழைத்து வரலாம் என்று கேட்டேன். அவர் கொடியைக் காட்டி, அது இறங்கும் வரை கப்பலிலிருந்து எவரும் இறங்கவும் கூடாது, எவரும் ஏறவும் கூடாது என்றார்.

அந்த மஞ்சள் கொடியின் பொருளை அன்றுதான் கற்றேன். வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல், தன்னிடம் நோய் எதுவும் இல்லை, கரையோடு பழக அனுமதி தாருங்கள் என்று கேட்டு ஏற்றும் கொடி அது. துறைமுகச் சுகாதார அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு குடியேற்றத் துறை மாலுமிகளின் ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும். சுங்கத் துறை கப்பலில் உள்ள பொருள்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும். ஐம்பது பேர் கொண்ட பயிற்சிக் கப்பலில் இது அரை நாள் வேலை. மற்ற இரண்டு சிறிய கப்பல்களும் அதே மேடையில் நின்றதால், அது முடியும் வரை அவற்றையும் எங்களால் நெருங்க முடியவில்லை. ஆகவே, வெளிநாட்டுக் கப்பல் வந்து சேரும் நாளில் பார்வையாளரை, அதிலும் குழந்தைகளை, ஒருபோதும் அழைத்துச் செல்லாதீர்கள். கப்பல் வரும் நேரமாக நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருப்பது வெறும் மதிப்பீடுதான். காற்று, துறைமுக வழிகாட்டி ஏறும் நேரம், இழுவைப் படகு, முன்னால் நிற்கும் சரக்குக் கப்பல் என அது நாலைந்து பேரைச் சார்ந்தது. குறைந்தது ஒரு முழு நாளாவது இடைவெளி விடுங்கள்.

திரும்பி ஓடி வந்தபோது மணி பதினொன்று. ராஜாஜி சாலையில் பேருந்துகளை நிறுத்தக் கூடாது என்று போக்குவரத்துக் காவலர் தீவுத்திடல் பக்கம் அனுப்பினார், அங்கிருந்து மீண்டும் வந்தோம், மீண்டும் அனுப்பப்பட்டோம். பிள்ளைகள் களைத்துப் போகாமல் இருக்க நான் பேருந்துக்குள்ளேயே பாடம் நடத்தினேன். உயர் நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தைக் காட்டி, 1894 முதல் 1977 வரை அதுதான் சென்னைக்குக் கலங்கரை விளக்கம், மெரினாவில் இன்றுள்ள விளக்கம் அதற்குப் பின் வந்தது என்றேன். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் இந்தக் கரைக்கு எதிரே வந்து எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டு வீசிக் கொளுத்தியதையும், அதன் நினைவுக் கல் உயர் நீதிமன்ற மதில் சுவரில் இருப்பதையும் சொன்னேன். பலே ஆளை 'எம்டன்' என்று தாத்தா திட்டுவது இதனால்தானா என்று ஒரு பையன் வியந்து கேட்டான். பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பன்னிரண்டரை மணிக்கு மேல் வேறொரு சிக்கல் வந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுக் கண்ணீர் வரும்வரை அடக்கிக்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் பார்த்த பிறகுதான் எனக்கே அது உறைத்தது. கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பத்துப் பத்துப் பேராக ஆசிரியைகள் அழைத்துச் சென்றார்கள். அந்த வரிசை முடியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. பொட்டலச் சோற்றைப் பேருந்துக்குள்ளேயே சாப்பிட்டார்கள். இரண்டரை மணிக்கு மஞ்சள் கொடி இறங்கியதாகச் செய்தி வந்தது. ஆனால் பள்ளி விடுவதற்குள் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று பெற்றோரிடம் எழுதிக் கொடுத்திருந்தோம். கப்பலைப் பார்க்காமலேயே திரும்பினோம். கடைசிப் பேருந்து கிளம்பிய பிறகு சாலையோரத் திண்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதேன்.

அன்று இரவு நிதானமாக யோசித்தபோது புரிந்ததுதான் இந்த அனுபவத்தில் நான் பெற்ற முக்கியமான அறிவு. அருங்காட்சியகம், துறைமுகம், கப்பல் ஆகிய மூன்றும் மூன்று தனி அதிகாரங்கள். விருந்தாளிகளை அழைப்பது அருங்காட்சியகம். வாயிலைத் திறப்பதும் கப்பல் நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பதும் துறைமுகம். ஏறுபாலத்துக்கு மேலே யார் ஏறலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஏறலாம், எப்போது நிறுத்தலாம் என்பதெல்லாம் கப்பல் தலைவரின் முடிவு. ஒருவர் எடுத்த முடிவை மற்ற இருவரும் தன்னார்வலருக்குச் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்புகிறார்கள். கடைசியில் ஒருவரும் சொல்வதில்லை. மூவரிடமும் ஆளுக்கு ஒருவரின் பெயரும் கைபேசி எண்ணும் உங்களிடம் நேரடியாக இருக்க வேண்டும். அருங்காட்சியகம் வழியாகவே பேசுங்கள் என்று சொன்னால், பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு ஒன்பது மணிக்கு மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நாளை இந்த நேரத்தில், இந்த வாயில் வழியாக, இந்தக் கப்பலில் இத்தனை பேர் ஏறலாமா? மூன்று பதில்களும் ஒத்துப்போனால் மட்டும் பேருந்தைக் கிளப்புங்கள்.

சனிக்கிழமை அப்படித்தான் செய்தேன். நுழைவில் சிக்கலில்லை, பேருந்துகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் அன்று நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. வெளிநாட்டுக் கப்பலில் ஒரே நேரத்தில் 30 பார்வையாளர்களுக்கு மேல் ஏற்றவில்லை. மற்றவர்கள் மேடையில் வரிசையில் நிற்க வேண்டும். வரிசைக்கான தடுப்புகளை முந்தைய நாளே நட்டிருந்தார்கள். அந்த வரிசை, கப்பலைக் கரையோடு பிணைக்கும் தடித்த கயிறு ஒன்றுக்குப் பக்கத்திலேயே, கயிறு மாட்டியிருந்த குட்டையான இரும்புத் தூணை ஒட்டிப் போயிற்று. பதினொன்றரை மணியளவில் துறைக்குள் அலை சற்றுப் புரண்டது. கப்பல் ஒரு முழம் பின்வாங்கிற்று; தொய்ந்திருந்த கயிறு விண்ணென்று விறைத்து முனகியது. மேல்தளத்திலிருந்த மாலுமி கத்திக்கொண்டே இறங்கி ஓடி வந்து, இரு கைகளையும் விரித்துப் பிள்ளைகளை ஒதுக்கித் தள்ளினார். இழுவையில் இருக்கும் கப்பல் கயிறு அறுந்தால் அதன் முனை சாட்டையைப் போலப் பின்னோக்கிப் பாயும். அதன் பாதையில் நிற்கும் ஆளை முறித்துவிடும். துறைமுகத் தொழிலாளிக்கு இது முதல் நாள் பாடம். அப்பா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்தத் தடுப்புகளைப் பார்த்தபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லையே என்பதுதான் என்னால் மன்னிக்க முடியாதது. அன்று கயிறு அறவில்லை. துறைமேடையில் காலடி வைத்ததும் முதலில் கயிறுகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்று பாருங்கள். கயிறு போகும் நேர்கோட்டிலும், அது மாட்டிய தூணுக்குப் பின்னாலும், சுருண்டு கிடக்கும் வளையத்துக்குள்ளும் ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது. தடுப்பு வேறு மாதிரி இருந்தால் அதை நகர்த்தும்வரை வரிசையைத் தொடங்காதீர்கள்.

கப்பலுக்குள்ளும் கயிறுதான் பெரிய செய்தி. பாய்களை ஏற்றவும் இறக்கவும் திருப்பவும் நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் ஓரத்தில் மரக்குச்சிகளில் சுற்றிக் கட்டியிருக்கும். விளையாட்டாக ஒன்றை அவிழ்த்தால் தலைக்கு மேலே பருமல் அசையலாம். ஏறும் முன்பே, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். மரத்தளம் குழிந்துவிடும் என்பதால் குதிகால் உயர்ந்த செருப்போடு வந்த ஆசிரியைகளை ஏற்றவில்லை. தட்டையான, பின்வார் உள்ள செருப்பு வேண்டும் என்று அவர்களுக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஏறுபாலம் அலைக்கு ஏற்ப அசைந்துகொண்டே இருக்கும், ஆகவே ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும். தாவணியோ துப்பட்டாவோ இருந்தால் இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல்வதும் நல்லது.

அதே சனிக்கிழமை பிற்பகலில்தான் நான் மயங்கி விழுந்தேன். துறைமேடை முழுவதும் கான்கிரீட். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. கடற்காற்று வீசியதால் வெயில் தெரியவில்லை, வியர்வையும் உடனே உலர்ந்துவிட்டது. பெண்கள் கழிப்பறை ஒரு கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால் காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்காமல் சமாளித்தேன். பிள்ளைகளுக்கு வாங்கிய உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் என் பையிலேயே இருந்தன. இரண்டு மணிக்குத் தலை சுற்றியது, கை மரத்தது, அதன் பிறகு மருத்துவமனைக் கட்டிலில்தான் கண் விழித்தேன். இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கட்டணம் 2,150 ரூபாயை என் தம்பி கட்டினான்; தன்னார்வலர்களுக்கு எவ்விதக் காப்பீடும் எடுக்கப்படவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கீழே விழுந்த இடம் துறையின் விளிம்பிலிருந்து பத்தடி. சில நாள்களுக்கான குழு விபத்துக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா, அதில் தன்னார்வலர் பெயரும் இருக்கிறதா என்று கேட்டு, நகலைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உங்களை விடுவிக்க ஓர் ஆள் இருக்க வேண்டும். பெண்கள் இதைக் கூச்சமின்றி முன்கூட்டியே கேட்க வேண்டும்: கழிப்பறை எங்கே, எவ்வளவு தூரம், போய்வர வண்டி உண்டா? தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கலாம் என்று எண்ணுவது ஆபத்து.

மருத்துவமனையிலிருந்து ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தேன். அன்றைய குழுவை இரண்டு ஆசிரியைகள் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஏமாந்த 140 பிள்ளைகளுக்குத் திங்கட்கிழமை அனுமதி பெற நான் படுக்கையிலிருந்தே தொலைபேசியில் பேசினேன். விடுமுறை நாளில் அலுவலகம் மூடியிருந்தது. இறுதியில், கப்பலின் துணை அதிகாரி ஒருவர் தாமே துறைமுகத்துக்குக் கடிதம் எழுதினார். வெள்ளிக்கிழமை பேருந்துகள் திரும்பிப் போனது அவருக்கு அதுவரை தெரியாது. தெரிந்ததும் மனம் வருந்தி, விருந்தினர்களுக்கென ஒதுக்கியிருந்த திங்கள் முற்பகலைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார். இரண்டு நாள் முன்பே அவருடைய எண் என்னிடம் இருந்திருந்தால் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

திங்கட்கிழமையைப் பற்றி எழுதாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது. முன்னிரண்டு மரங்களில் குறுக்காகவும் கடைசி மரத்தில் நெடுக்காகவும் பாய் கட்டும் அந்தக் கப்பலின் தளத்தில் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி வாயடைத்து நின்றார்கள். நான் அவர்களுக்கு, இந்தத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல்கள் கடலுக்குள்ளேயே நங்கூரமிட்டதையும், ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகில் நம் ஊர்க்காரர்கள் அலையைத் தாண்டிப் போய் ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்ததையும் சொன்னேன். 1881 நவம்பர்ப் புயல் புதிய அலைதடுப்புச் சுவர்களை உடைத்ததையும், திரும்பக் கட்டிய அந்தச் சுவர்கள் மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தியதால்தான் மெரினா இவ்வளவு அகன்றது, வடக்கே எங்கள் ராயபுரம் பக்கம் கரை அரித்தது என்பதையும் சொன்னேன். காசிமேட்டுப் பையன் ஒருவன் கப்பலின் முன்பகுதியைத் தொட்டுக் காட்டி, "இது அணியம்தானே மிஸ்?" என்றான். என் தாத்தாவின் வாய்ச்சொல்லை ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிள்ளையின் வாயில் கேட்டேன். அங்கிருந்த மாலுமிக்கு அவன் வாடைக் காற்றையும் கச்சான் காற்றையும் கை காட்டி விளக்கினான். ஆங்கிலத்தில் நான் பெயர்த்துச் சொன்னேன். உலகம் முழுவதும் இரட்டை உடல் படகுக்கு வழங்கும் 'கேட்டமரான்' என்ற சொல் இவன் வீட்டு வாசலில் கிடக்கும் கட்டுமரத்திலிருந்து போனது என்று நான் சொன்னதும், அந்த மாலுமி அவனுக்குக் கை கொடுத்தார்.

இனிக் கணக்கு. பேருந்து ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 7,500 ரூபாய். மூன்று பேருந்து, மூன்று நாளுக்கு 67,500. வெள்ளிக்கிழமை கப்பல் பார்க்காவிட்டாலும் வாடகை வாடகைதான். ஆகவே திங்கட்கிழமைக்கு மேலும் 22,500. பொட்டலச் சோறு ஆளுக்கு 45 ரூபாய் வீதம் 18,540, திங்கட்கிழமைக்கு மீண்டும் 6,300. தண்ணீர், தொப்பி, கரைசல் பொட்டலம் 4,200. கையேடு அச்சிட 6,800. நகல், புகைப்படம், போக்குவரத்துச் சில்லறை 1,350. மொத்தம் 1,27,190 ரூபாய். ஐந்து மாதம் கழித்து ஜூலையில் எனக்கு வந்தது 67,500. திங்கட்கிழமைப் பேருந்து 'முன் ஒப்புதல் பெறாத செலவு' என்று நிராகரிக்கப்பட்டது. சோறு கட்டிக் கொடுத்த அம்மா வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்த ரசீதை, கடையின் பெயரும் வரிசை எண்ணும் இல்லை என்று தணிக்கையாளர் ஏற்கவில்லை. அச்சகத்து ரசீது அருங்காட்சியகத்தின் பெயரில் இல்லாமல் என் பெயரில் இருந்தது. மிச்சம் 59,690 ரூபாய் என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். மருத்துவச் செலவு இதில் சேரவில்லை. பொறுப்பாளர் வருத்தப்பட்டார், ஆனால் அவர் கையில் எதுவும் இல்லை. பணம் கொடுப்பவர் வேறு, வேலை சொல்பவர் வேறு. எனவே எல்லா ரசீதும் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அச்சிட்ட ரசீது தர முடியாதவரிடம் வாங்குவதாக இருந்தால் அதற்கு முன்பே எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். பேருந்து போன்ற பெருஞ்செலவை நிறுவனமே நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். பேருந்து உரிமையாளரிடம், ஒருநாள் முன் அறிவித்தால் நாளை மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வரியை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள். நான் பின்னால் கேட்டபோது, முதலிலேயே சொல்லியிருந்தால் செய்திருப்பேனே அம்மா என்றார்.

இந்த ஆண்டும் ஒரு பாய்மரக் கப்பல் வரக்கூடும், பள்ளிகளை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அருங்காட்சியகத்திலிருந்து சென்ற மாதம் அழைத்தார்கள். வருகிறேன் என்றேன். அன்றைக்கே ஒரு பக்கக் கடிதமும் அனுப்பினேன்: பேருந்துக் கட்டணம் நிறுவனமே செலுத்துவது, எல்லா நாளுக்கும் பொதுவான அனுமதி, துறைமுகத்திலும் கப்பலிலும் ஒரு நேரடித் தொடர்பு, கப்பல் வந்த நாளில் மாணவர்கள் இல்லை, தன்னார்வலருக்கும் சேர்த்துக் காப்பீடு, மேடைக்கு அருகில் பெண்களுக்கான நடமாடும் கழிப்பறை. ஆறில் நான்குக்குச் சம்மதம் என்று பதில் வந்திருக்கிறது. காப்பீட்டுக்கும் கழிப்பறைக்கும் இன்னும் பதில் வரவில்லை. அவை வரும்வரை மாணவர் பட்டியலைத் தொடங்க வேண்டாம் என்று ஐந்து தலைமையாசிரியர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.